இரண்டாம் டிகாக்ஷனும் ஒரே மூச்சும்

கொல்கத்தாவில் தெருவோரக் கடைகளில் டீயை மண்கோப்பையில் தருவார்கள். குடித்து முடித்ததும் கோப்பையைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். இந்த இரண்டாவது காரியத்தை நான் ஒரு வருடமாகச் செய்யவில்லை. டீ முடிந்ததும் கோப்பையின் விளிம்பைக் கடித்து நறநறவென்று மென்றுகொண்டிருந்தேன். சுட்ட மண்ணில் சூடான டீ ஊறிக் கிளம்பும் வாசனை இருக்கிறதே, அதற்கு முன்னால் நெய் ரோஸ்ட் எல்லாம் நிற்காது. வயது நாற்பத்தெட்டு, அரசு நிறுவனத்தில் பொறுப்பான பதவி, வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்கள். அப்படிப்பட்ட ஆள் அலுவலக வாசலில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பாத்திரம் தின்றால் எப்படி இருக்கும்?

டீக்கடைக்காரர் பீகார்க்காரர். அவர் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. "மத்தவங்களுக்கு டீ மட்டும்தான். தாதாவுக்கு டிபனும் சேர்த்து" என்று ஒருநாள் ஹிந்தியில் சொன்னார். தாதா என்றால் அங்கே அண்ணன். அதற்குப் பிறகு மிச்சத் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் லிஃப்டில் தின்ன ஆரம்பித்தேன்.

லிஃப்ட் ஏனென்றால் மாடிப்படி ஏற முடியவில்லை. மெட்ரோ படிக்கட்டில் பாதியில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்து, மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போவேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. இதயம் என்று நானே தீர்மானித்திருந்தேன். எனக்கு இதயம் இருக்கிறது என்பதை ஊருக்கு நிரூபிக்க இது சரியான வழியாகப் படவில்லை.

விஷயம் வெளியே வந்தது நாடகத்தால். எங்கள் பகுதித் தமிழர்கள் பொங்கலுக்கு ஒரு நாடகம் போடுவது வழக்கம். அந்த வருடம் எழுதியது நான். வாடகைக்காரனைக் காலிசெய்ய வைக்க முடியாத வீட்டுக்காரர் கதை. கொல்கத்தாவில் இது எல்லோருக்கும் புரியும். கடைசிக் காட்சியில் வீட்டுக்காரர் வாடகைக்காரனை ஒரே மூச்சில் திட்ட வேண்டும்: சுவரில் அடித்த ஆணியில் ஆரம்பித்து, தண்ணீர் மோட்டார், மாடிக் கொடியில் காயும் துணி, ஒழுகும் குழாய் என்று போய், அவன் வளர்க்கும் கிளி வரை. இருபது வருடமாக அலுவலகக் குறிப்புகளை மட்டுமே எழுதிய கை, உயிரைக் கொடுத்து எழுதிய வசனம் அது. வேறு ஒருவர் வாயில் அதைப் போடுவதாக எனக்கு உத்தேசமே கிடையாது. வீட்டுக்காரர் நான்தான்.

இயக்குநர் அப்பளம், காப்பிப்பொடி, பெருங்காயம் விற்கும் திருநெல்வேலி அண்ணாச்சி. அவர் கடையின் பின்பக்கக் கிடங்கில்தான் ஒத்திகை. ஆணி வந்தது, மோட்டார் வந்தது. துணிக்கொடியில் எனக்கு மூச்சு அறுந்தது. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன், மறுபடி கொடி, மறுபடி மூட்டை.

"சார், வீட்டுக்காரரு வாடகைக்காரன வெரட்டணும்" என்றார் அண்ணாச்சி. "நீங்க போற போக்கப் பாத்தா அவன் உங்கள ஆஸ்பத்திரிக்குல்லா தூக்கிட்டுப் போவான்."

"கொஞ்சம் சளி, அண்ணாச்சி."

"மார்கழி பொறக்கட்டும். அப்பவும் இந்தச் சளி இருந்துச்சுன்னா வேஷத்த பேங்க்காரருக்குக் குடுத்துருவேன், ஆமா."

பேங்க்காரர் நாடகத்தில் தபால்காரர். அவருக்கு ஒரே ஒரு வரி. ஆனால் ஒத்திகை தவறாமல் வந்து, என் வசனத்தை உதட்டை அசைத்துக்கொண்டே கேட்பார். கிளி வரைக்கும் அவருக்கு மனப்பாடம். மூச்சும் இருந்தது.

அண்ணாச்சி என் வீட்டுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிவிட்டார். மறுநாளே மனைவி என்னை ஜாதவ்பூரில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். வயதான வங்காளி. என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளைக் காகிதம்" என்றார் ஆங்கிலத்தில். ஐஸ், சாக்பீஸ், மண் இப்படி எதையாவது தின்னத் தோன்றுகிறதா என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? டாக்டர்பாபு, இவரு டீக் கப்பைத் திங்கறார். சட்டையைத் துவைக்கப் போட்டா பையிலேர்ந்து ஓடு ஓடா விழறது. ஆபீஸ்ல செடி வளர்க்கறார் போலன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

டாக்டர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "முழுக் கோப்பையா, விளிம்பு மட்டுமா?"

உடம்பில் இரும்புச்சத்து தீர்ந்துபோனால் சிலருக்கு இப்படி மண் ருசிக்குமாம். மூச்சு வாங்குவதும் அதனால்தானாம். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. ஆண்பிள்ளைக்கு ஏன் இப்படி என்று வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். தலைவலிக்கென்று வருடக்கணக்காக நான் விழுங்கிய மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கி, ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. அதற்குத் தனி மருந்து கொடுத்தார். இரும்பு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார். என் வயிறு அதை வாடகைக்காரனாக ஏற்கவில்லை. அப்படியானால் நரம்பு வழியாகவே ஏற்றிவிடலாம், சில தவணைகளாக, என்றார். எனக்கு ஒரே உற்சாகம். இதயம் இல்லை, இரும்பு. மார்கழிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அந்தத் தெருவிலேயே ஒரு நர்சிங் ஹோம். தொங்கிய பாட்டிலில் இருந்தது கரும்பழுப்பாக, பார்த்தவுடன் மனம் குளிரும் நிறத்தில் இருந்தது.

"ரெண்டாம் டிகாக்ஷன் மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

நர்ஸ் முதலில் சொட்டுச் சொட்டாக, மெதுவாகத்தான் விட்டாள். அடிக்கடி ரத்த அழுத்தம் பார்த்தாள். அரிப்பு வந்தாலோ, மார்பு இறுகினாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே சொல்ல வேண்டும், அபூர்வமாகச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று வங்க மொழியில் எச்சரித்தாள்.

"தீதி, மூச்சுத் திணறித்தான் இங்கே வந்தேன். பழைய திணறலா, புதுத் திணறலா என்று எப்படித் தெரியும்?"

அவள் சிரிக்கவில்லை. "புதுசு வந்தா தெரியும்" என்றாள்.

அதற்குப்பின் உடம்பின் ஒவ்வோர் அங்கத்தையும் விசாரித்துக்கொண்டு படுத்திருந்தேன். காது அரிப்பதுபோல் இருந்தது. வாய் இரும்பு வாசனை அடித்தது, துருப்பிடித்த குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்ததுபோல. முகம் சூடாகிச் சிவந்தது. "கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு களை இல்லை" என்றாள் மனைவி.

மறுநாள் முழங்காலும் மணிக்கட்டும் குடைந்தன. தலைவலி வேறு. பழைய மாத்திரையைத் தொட முடியாது, மனைவி எல்லாவற்றையும் குப்பையில் போட்டிருந்தாள். இரண்டு நாளில் தானே சரியாயிற்று. இரண்டாவது தடவை ஊசி கொஞ்சம் விலகி மருந்து தோலுக்கடியில் கசிந்துவிட்டது. புறங்கையில் காப்பிக்கறை மாதிரி ஒரு திட்டு. போக நாளாகும், போகாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். இன்னும் போகவில்லை. கேட்காதவர்களுக்கும் காட்டுகிறேன்.

ஒருநாள் மாலை டீ குடித்து முடித்தேன். வழக்கம்போல் சுவர்ப்பக்கம் திரும்பி, கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனேன். மண். வெறும் மண். ஒரு கடி கடித்துத் துப்பினேன். அப்படியே கடைக்காரரிடம் ஓடி, "பாய், இது மண்!" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

தெம்பு ஒரேயடியாக வந்துவிடவில்லை. முதலில் படிக்கட்டில் கடிகாரம் பார்ப்பது நின்றது. பிறகு மெட்ரோவில் எனக்கு முன்னால் ஏறும் இளைஞர்களை முந்தினேன். ஒருநாள் ஓடும் மினிபஸ்ஸைத் துரத்திப் பிடித்தேன். ஏறிய பிறகுதான் அது ஹவுரா பக்கம் போவது என்று தெரிந்தது. அதனாலென்ன, பிடித்தேன் அல்லவா? பார்ப்பவர்களின் கீழ் இமையை எல்லாம் இழுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். அலுவலகத்தில் என்னைக் கண்டால் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள்.

மார்கழி பிறந்தது. கிடங்கில் நின்று ஆணியில் தொடங்கிக் கிளியில் முடித்தேன். ஒரே மூச்சு. பேங்க்காரர் முகம் வாடிவிட்டது. அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா முன்னால நீங்க பாதியில மூட்டைல விழுந்தீயள்லா, அதுலதான் சிரிப்பு இருந்துச்சு. கொஞ்சம் மூச்சு வாங்குனா என்ன?"

"அண்ணாச்சி, இதற்காக நான் இரும்பு ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்."

"அதுக்கில்ல..."

"மாட்டேன்."

பொங்கல் விழாவன்று அரங்கம் நிறைந்திருந்தது. பெரியவர்கள் குரங்குக் குல்லாவோடு முன்வரிசையில். வசனத்தைத் தொடங்கினேன். துணிக்கொடி வந்ததும் அரங்கமே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டது. அண்ணாச்சி கடையில் சாமான் வாங்கியவர்கள் எல்லோருக்கும் என் இரும்புக் கதை தெரிந்திருந்தது. விழுவேனா என்று பார்க்கிறார்கள். ஒழுகும் குழாய். பக்கத் திரைக்குள் பேங்க்காரர் எனக்காகத் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கிளி. முடித்துவிட்டேன். நான் எழுதியதிலேயே வேடிக்கையான வசனத்துக்கு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், கம்பிமேல் நடந்தவன் இறங்கியதுபோல.

அடுத்து, வாடகைக்காரன் சமாதானத்துக்கு மண்கோப்பையில் டீ தருவான். நான் குடிக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. குடித்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வரிக்கு வாயைத் திறந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது:

"சார், கப்பு... பாத்து!"

சிரிப்பில் கூரை பறந்தது. அந்த வரியை நான் எழுதவில்லை. கோப்பையை முகர்ந்து பார்த்தேன், முகத்தைச் சுளித்தேன், மேடையில் ஓங்கிப் போட்டு உடைத்தேன். சிரிப்பு அடங்கத் திரையையே போட வேண்டியதாயிற்று.

மனைவி மேடைக்குப் பின்னால் வந்தாள். பிரமாதம் என்று சொல்லப்போகிறாள் என்று தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். அவள் என் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"ஒண்ணுமில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, "வாங்க, பொங்கல் ஆறிப்போறது" என்றாள்.