“என்மேலதான் தப்புங்க” என்ற சைக்கிள்காரர்

கறுப்புக் கோட்டின் மடிப்பு இன்னும் கலையாத தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் தனியாக நின்ற முதல் விபத்து வழக்கு, ஒரு மன்னிப்பால் கவிழப் பார்த்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். அதனால், காய்ச்சலில் படுத்திருந்த சீனியர் போனில், “நீயே போயி சாட்சியை முடிச்சுரு கண்ணு” என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன்.

கட்சிக்காரர் சின்னச்சாமி, வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். காலை ஷிப்டுக்குச் சைக்கிளில் போனவர்மேல் துணி ஏற்றிய வேன் மோதியதில் முழங்கால் நொறுங்கிவிட்டது. நாளெல்லாம் நின்று செய்கிற கட்டிங் வேலை இனி முடியாது. தப்பு வேன் டிரைவர்மேல் என்று நிரூபித்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தரும். இல்லையென்றால் அவருக்கு அந்தக் கால்தான் மிச்சம்.

இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் தலை நரைத்தவர். குறுக்கு விசாரணையில் குரலைக்கூட உயர்த்தவில்லை.

“கீழ விழுந்ததும் டிரைவர்கிட்ட ‘என்மேலதான் தப்பு’ன்னு சொன்னீங்களா?”

“ஆமாங்க, சொன்னனுங்க.”

“போலீஸ்லயும் அதையே எழுதிக் கொடுத்தீங்க?”

“ஆமாங்க.”

“அப்ப நீங்கதான் திடீர்னு வலதுபக்கம் ஒடிச்சீங்க.”

“ஒடிக்கலீங்க, நேராத்தானுங்க போனேன். ஆனா டிரைவரு பாவம், ரொம்ப பயந்துட்டாருங்க.”

“தட்ஸ் ஆல்” என்று அவர் உட்கார்ந்தார். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர் மாதிரி ஒரு திருப்தி.

ஐந்து வருடம் சட்டம் படித்தேன். அதில் கொங்குநாட்டு மரியாதைக்கு ஒரு செக்‌ஷன்கூட இல்லை. எனக்கு வந்த கோபத்தில் எழுந்து, என் சாட்சியை நானே மறுபடி விசாரிக்க ரீ-எக்ஸாமினேஷன் கேட்டேன்.

“இன்னிக்குக் காலையில இருந்து யார் யார்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்க?”

நரைத்தலை துள்ளி எழுந்தார். “இது வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி!”

நீதிபதி சொன்னார்: “மன்னிப்புப் பேச்சை எடுத்ததே நீங்கதானே? சொல்லட்டும்.”

சின்னச்சாமி விரல்விட்டு எண்ணினார். “பஸ்ல ஒருத்தரு என் காலை மிதிச்சுட்டாருங்க, அவருகிட்டங்க. டீக்கடைக்காரரு சட்டைமேல டீயை ஊத்திட்டாருங்க, அவருகிட்டயுங்க. அப்புறம் உங்ககிட்டங்க, அம்மிணி.”

“என்கிட்ட எதுக்குங்க?”

“நீங்க அரை மணி நேரம் லேட்டா வந்தீங்களே, அதுக்குத்தானுங்க.”

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் காது சுட்டது. ஆனாலும் விடவில்லை. விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதிய மகஜரை எடுத்து நீட்டினேன். சைக்கிளின் பின் சக்கரமும் மட்கார்டும் நேர் பின்னாலிருந்து நசுங்கியிருந்ததாக அதில் இருந்தது. வலதுபக்கம் ஒடித்திருந்தால் அடி பக்கவாட்டில் அல்லவா விழுந்திருக்கும்?

தீர்ப்பு சில வாரம் கழித்து வந்தது. விழுந்த இடத்தில் மரியாதைக்குச் சொன்ன வார்த்தை பொறுப்பை ஏற்றுக்கொண்டதாகாது. முன்னால் போன சைக்கிளைக் கவனிக்காமல் வந்த வேன்மேல்தான் முழுத் தப்பு. சின்னச்சாமிக்கு இழப்பீடு கிடைத்தது.

“அந்தாளைப் பேசவே விட்டிருக்கக் கூடாது” என்று சீனியர் இன்றைக்கும் சொல்கிறார். காய்ச்சல் வந்ததற்கு அவருக்கு நன்றி.

நான் கற்றது இதுதான். விபத்து வழக்கு என்று யார் வந்தாலும், எந்த எலும்பு என்று கேட்பதற்கு முன்னால், “விழுந்ததும் என்னங்க சொன்னீங்க?” என்று கேட்கிறேன். எதிர்த்தரப்பு கேட்டு நாம் தெரிந்துகொள்ளக் கூடாது. அடுத்தது, மெக்கானிக் சைக்கிளை நிமிர்த்துவதற்கு முன்னால் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நம் ஆட்கள் யாரையும் நோகடிக்காமல்தான் சாட்சி சொல்வார்கள். நசுங்கிய சக்கரத்துக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது.