சுப்பையா அண்ணன் கண்ட தட்டான்

கடையில் பருப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, சுயாக் ஊரிலிருந்து வந்த லாரிக்காரன் இறங்காமலே சொன்னான்: "முதலாளி, கோயில் சுப்பையா விடியக்காலம் போயிட்டாரு."

எங்கள் தீவில் சுரினாம் என்ற ஊரின் கோயிலுக்கு நெடுங்காலம் தலைவராக இருந்தவர். எனக்கு அண்ணன் முறை. இரங்கல் கூட்டத்தில் அவர் பெருமையை எல்லோரும் சொன்னார்கள். அவர் வெட்கி நின்ற ஒரு நாளைத்தான் நான் எழுதப்போகிறேன். அவரை அறிந்த நீங்கள் கோபிக்கமாட்டீர்கள்.

யுத்த காலம். அரிசி வராமல் மரவள்ளிக் கிழங்கில் வயிற்றை நிரப்பினோம். ஆனாலும் தைப்பூசக் காவடிக்கு முன்பு பத்து நாள் விரதம் தப்பாது. மாலையில் ஆற்றங்கரையில் விரதக்காரர்களைக் கூட்டி அண்ணன் பேசுவார். அவருக்குப் பிடித்த உதாரணம் தட்டான் பூச்சி. "அது எங்கயாச்சும் மேஞ்சு பாத்திருக்கீங்களா? காத்தக் குடிச்சே நாளெல்லாம் பறக்குது." சரக்கை நல்லதென்று பிறரை நம்பவைப்பது என் தொழில். அவர் சொன்னதை நானும் நம்பினேன்.

அந்த வருஷம் கரும்புத் தோட்டத்தில் களையெடுக்கும் பார்வதிக்குப் பால்குட வேண்டுதல். மகன் மலேரியாவில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். குடம் எடுத்தால்தான் பிழைப்பான் என்று நம்பினாள். விரதத்தின் நடுவே வெயிலில் மயங்கி விழுந்தவளுக்குப் கிரியோல் பாஷை பேசும் பக்கத்து வீட்டுக்காரி கிழங்கும் உப்பு மீனும் ஊட்டிவிட்டாள். சேதி அண்ணன் காதுக்கு வந்தது.

"மயக்கத்துல என்னத்த முழுங்கினேன்னே தெரியல அண்ணே."

"தட்டானுக்கு இருக்கிற கட்டுப்பாடு உனக்கில்லையா? இந்த வருஷம் குடம் வேணாம்."

அன்று மாலை ஆற்றங்கரையில் எல்லோர் முன்னும்தான் சொன்னார். அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் மாலை அவர் பேச்சைத் தொடங்கியபோது செந்தட்டான் ஒன்று அவருடைய கைத்தடி மேல் வந்து அமர்ந்தது. சட்டென்று எழும்பியது, ஆறு கால்களையும் கூடைபோல் குவித்து, பறந்துகொண்டிருந்த ஓர் ஈயை அள்ளியது. திரும்பி அதே தடியில் உட்கார்ந்து, அதைத் தலையிலிருந்து தின்னத் தொடங்கியது. ஈயின் சிறகு அண்ணனின் வெள்ளை வேட்டியில் உதிர்ந்தது.

"அண்ணே, உங்க சாமியாரு விரதத்த முறிச்சிட்டாரு!" என்றாள் வண்டிக்காரன் மனைவி அஞ்சலை. கரையே சிரித்தது.

அவர் தட்டானை விரட்டவில்லை. குனிந்து கடைசிவரை பார்த்தார். அது மறுபடி எழும்பி ஒரு கொசுவோடு வந்தது. அவர் காது சிவந்துவிட்டது. பேச்சைத் தொடரவில்லை.

என்னையும் அழைத்துக்கொண்டு நேரே பார்வதி வீட்டுக்கு நடந்தார். "தங்கச்சி, நீ குடம் எடுத்துக்க. நான் தெரியாமப் பேசிட்டேன்."

அவள் அடுப்பை விட்டு எழவில்லை. "ஊரைக் கூட்டி வச்சு ஏசினீங்க. தப்புன்னு சொல்ல மட்டும் அடுப்படிக்கு வந்தீங்களாக்கும்?"

திரும்பும் வழியில் ஒன்றே ஒன்று சொன்னார்: "சரியாத்தான் கேட்டா."

காவடியன்று, மேளம் தொடங்குமுன், ஆற்றுக் கல்லின் மேல் ஏறி நின்றார். பக்கத்துக் கிரியோல்காரர்களுக்கும் புரியும்படி தமிழிலும் கிரியோலிலும் உரக்கச் சொன்னார்: "தட்டானும் தின்னுது. ஒண்ணும் தெரியாம ஒரு தாயத் தடுத்தேன். தப்பு என்னுது." பிறகு அவரே குடத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். மகன் பிழைத்தான். அண்ணனை நேற்றுச் சுமந்து போனவர்களில் அவனும் ஒருவன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கல்மேல் அவர் நின்ற நிற்பைத்தான். இன்று காலை ஓர் அம்மாள் நான் விற்ற மாவில் புழு இருந்ததென்று வந்தாள். உள்ளே அழைத்துப் போய்ச் சமாதானம் பண்ணியிருக்கலாம். கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே "தப்பு என்னுது அம்மா" என்றேன். முகம் எரிந்தது. இன்னும் எரிகிறது.