காத்தக்கா சொன்ன பதில்

வானிலை நிலையத்தில் அவளுக்கு அளக்கிற வேலை மட்டும்தான். காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் முற்றத்துக்குப் போவாள். வெள்ளைப் பெட்டியைத் திறந்து வெப்பமானிகளைப் பார்ப்பாள். மழைமானியில் தேங்கியதை அளவுக் குடுவையில் ஊற்றிக் கண்ணுக்கு நேரே பிடிப்பாள். கம்பத்து உச்சியில் சுழலும் கிண்ணங்கள் காட்டும் வேகத்தைக் குறித்துக்கொள்வாள். எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டால் அவள் பொறுப்பு முடிந்தது. நாளைக்கு என்ன ஆகும் என்று சொல்வதற்கு அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள். இருபத்தொன்பது வருடமாக இதே வேலை.

தம்பி குடும்பத்தோடு இருந்தாள். வாய் தவறி, "இன்னைக்கு மழை வரும்போல இருக்கே" என்று சொல்லிவிட்டால் போதும், தம்பி மனைவி ஈரத்துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு மாடிக்குக் கிளம்பிவிடுவாள்.

"அண்ணி சொல்லிட்டாங்க. இனிமே ஒரு சொட்டு விழாது."

பெரும்பாலும் விழவும் விழாது.

ஒருநாள் மதியம் கைபேசியில் ஒரு படம் அவள் கண்ணில் பட்டது. மூட்டை கட்டிய சைக்கிளை ஒருவர் தலை குனிந்து உருட்டிக்கொண்டு போனார். சட்டை முதுகில் பலூன் மாதிரி உப்பியிருந்தது. "மூணு நாளா மூஞ்சியிலயே அடிக்குது. இந்தக் காத்து எப்பதான் விடும்?" என்று கீழே எழுதியிருந்தார். பதினெட்டு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்குப் பல் செட்டு செய்தவர். நாற்பத்தாறு வயதில் கடையை அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டு, தன்னந்தனியாகச் சைக்கிளில் நாட்டைச் சுற்றக் கிளம்பியிருந்தார். முந்நூறு பேர் அந்தப் பயணத்தைக் கைபேசியில் பின்தொடர்ந்தார்கள். படத்தில் இருந்த சாலை அவளுடைய நிலையத்துக்குப் பக்கம்தான். அவரை மடக்கிய காற்றை அன்று காலையில்தான் அவள் எழுதி அனுப்பியிருந்தாள்.

"மேற்கிலிருந்து வருது. பொழுது சாஞ்சா தணியும். அதுவரைக்கும் எங்கயாவது உக்காருங்க தம்பி" என்று பதில் போட்டாள். அதே மாதிரி தணிந்தது.

மறுநாள் கேட்டார்: "அக்கா, நீங்க யாரு? காத்துக்குச் சொந்தக்காரங்களா?"

"சொந்தமெல்லாம் இல்ல. தினமும் அளக்குறவ."

அன்றிலிருந்து முந்நூறு பேருக்கும் அவள் காத்தக்கா ஆனாள். கிளம்பும் முன் அவர் கேட்பார், அவள் சொல்வாள். அவர் தூரமாகப் போகப் போக, வழியில் இருக்கும் நிலையங்களுக்குத் தொலைபேசியில் பேசி, அங்கே அளந்ததைக் கேட்டு வாங்கிச் சொன்னாள். பின்தொடர்ந்தவர்களில் ஒரு ரொட்டிக்கடைக்காரர், "பல்லுக்காரருக்கு மட்டும்தானா? என் அடுப்புப் புகை பக்கத்து வீட்டுக்குப் போகுமா போகாதான்னும் சொல்லுங்க காத்தக்கா" என்று வம்பிழுப்பார். நர்ஸ் ஒருத்தி, "சூரியன் மறையுற படம் எனக்கு வேண்டாம். முழங்கால் புண்ணைப் படம் எடுத்துப் போடுங்க" என்று அவரை அதட்டுவாள். அவர் மறுபேச்சில்லாமல் புண்ணைப் போடுவார்.

இத்தனை வருடம் அவள் எழுதி அனுப்பியது எங்கே போனது, யாருக்கு உதவியது என்று அவளுக்குத் தெரியாது. இப்போது ஒருத்தர் அவள் சொல்லை நம்பிக் காலை எடுத்து வைத்தார். அந்த நினைப்பிலேயே காலையில் சீக்கிரம் எழுந்துவிடுவாள். தம்பி மனைவிகூட, "அண்ணி முகமே மாறிப்போச்சு" என்றாள்.

நாலாவது மாதத்தில் அவர் உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலையை எட்டினார். அறுபத்தெட்டு கிலோமீட்டர் நீளம்; ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. "நாளைக்குக் கடக்கலாமா அக்கா?" என்று கேட்டிருந்தார். அந்தப் பகுதி நிலையத்தைக் கூப்பிட்டாள். காவலாளிதான் எடுத்தார்.

"சார் லீவும்மா. ரெண்டு நாளா யாரும் அளவு எடுக்கல."

அதற்கு இந்தப் பக்கம் இருந்த நிலையத்தில் காற்று இல்லை. அந்தப் பக்கத்திலும் இல்லை. நடுவில் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். "காத்து இல்ல. தைரியமாக் கிளம்புங்க தம்பி" என்று எழுதினாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு அங்கே சூறைக்காற்று எழுந்தது. எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கும்போது காற்று அவரைச் சைக்கிளோடு தூக்கிச் சாலைக் கரைக்குக் கீழே போட்டது. பால் வண்டிக்காரர் ஒருவர் பார்த்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இரண்டு நாள் அவரிடமிருந்து படம் வரவில்லை. மூன்றாம் நாள், அவரை அதட்டும் அந்த நர்ஸ்தான் அங்கே இங்கே விசாரித்து விஷயத்தைப் போட்டாள். தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. கைக்குப் போகும் நரம்பிலும் அடி.

கொஞ்ச நேரத்தில் யாரோ எழுதினார்கள்: "காத்தக்கா சொல்லித்தானே போனாரு?" அதை ஆமோதித்து நாற்பது பேர் வரிசையாக வந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் மட்டும், "பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க" என்றார்.

அவள் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு எழுதினாள்: "நான்தான் சொன்னேன். அந்த இடத்துல அன்னைக்கு யாரும் அளக்கல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அதை அவர்கிட்ட சொல்லல."

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். தம்பி தடுத்துப் பார்த்தான். "முன்னபின்ன தெரியாத ஆளுக்கா. போய் என்ன சொல்லுவ?" அவளுக்கும் அது தெரியவில்லை. பஸ் மாறி மாறி ஒன்றரை நாள் பயணம்.

படத்தில் பார்த்ததைவிட ஆள் சின்னதாக இருந்தார். வெயிலில் கறுத்துப்போன முகம், கட்டுப்போட்ட கை. அவள் கட்டிலருகே நின்று, "நான்தான் தம்பி, காத்தக்கா" என்றாள்.

அவர் ஸ்டூலைக் கண்ணால் காட்டினார்.

"நீங்க சொல்லலைன்னாலும் நான் கிளம்பித்தான் இருப்பேன்."

"அது வேற. நீங்க கேட்டீங்க, நான் பொய் சொல்லிட்டேன்."

"பொய்யா?"

"தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். வாய் வரல. நீங்க கேக்குறது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கோவம் இருந்துச்சுக்கா. வலி குறைய குறைய அதுவும் குறைஞ்சிருச்சு. முழுசாப் போகல" என்றார். அவள் தலையை ஆட்டினாள். அப்படி அவர் மறைக்காமல் சொன்னது அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

அண்ணன் வந்து சேர நாலு நாள் ஆனது. அதுவரை அவள்தான் கூட இருந்தாள். மாத்திரை வாங்கி வந்தாள், தலை வாரிவிட்டாள், கைபேசியைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன பதில்களை எழுதிப் போட்டாள். தன்மேல் விழுந்த வசவுகளையும் விடாமல் வாசித்துக் காட்டினாள். ஒருமுறை அவரே, "போதும்க்கா, அவங்களுக்கு வேற வேலையில்ல" என்று நிறுத்தினார்.

எலும்பு கூடிவிட்டது. வலது கையில் இரண்டு விரல் மட்டும் மரத்தது மரத்ததுதான். மீதிப் பயணத்தை அவர் போகவில்லை. கடைக்குத் திரும்பினார், மெழுகில் பல் அடுக்கும் நுணுக்கமான வேலையை அண்ணன் பார்த்துக்கொள்ள, இவர் அச்சு எடுப்பதோடு நின்றுகொண்டார். படங்கள் நின்றதும் முந்நூறு பேரும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் வாரத்துக்கு ஒரு தடவை ஏதாவது எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் வந்தவர் நிலையத்துக்கு வந்தார். அவள் முற்றத்தைச் சுற்றிக் காட்டினாள். வெள்ளைப் பெட்டிக்குள் அவர் சின்னப்பிள்ளை மாதிரி எட்டிப் பார்த்தார். உள்ளே வந்ததும் கேட்டார்: "நான் விழுந்த அன்னைக்குத் தேதிப் பக்கத்தைக் காட்டுவீங்களா?"

அவள் பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டி அவர் முன்னால் வைத்தாள். மரத்த விரலோடு சேர்த்து நடுவிரலை வரிமேல் ஓட்டிக்கொண்டு போனார். காற்று என்ற கட்டத்தில் காலையிலும் சுழி, மாலையிலும் சுழி.

"இங்க காத்தே இல்லையா அன்னைக்கு?"

"இல்ல தம்பி. இலைகூட அசையல."

அவர் பதிவேட்டை மூடி அவளிடம் நீட்டினார். மணி ஐந்தரை, மாலை அளவு எடுக்கும் நேரம். அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவரும் கூடவே எழுந்தார்.