பூட்ஸ் அக்கா சொன்ன சாட்சி

விளம்பரத்தை நானும் பார்த்தேன். "பாசன வசதியுள்ள புல் நிலம் விற்பனைக்கு. பன்னிரண்டு ஏக்கர். வருடம் மூன்று அறுப்பு. நிலையான தண்ணீர் முறை. சுற்றிலும் மலைக் காட்சி." மலைக் காட்சியாம்! இந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மொட்டை மலைதான். கக்கூஸ் ஜன்னலைத் திறந்தால்கூட அதே காட்சிதான். அந்த நிலத்தை முப்பத்தோரு வருஷமாகப் பச்சையாக வைத்திருந்த மனுஷியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

எங்களுக்கெல்லாம் அவர் பூட்ஸ் அக்கா. முழங்கால் வரைக்கும் கறுப்பு ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார். தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று கேட்டுச் சிரிப்போம். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் புருஷன் கைவிட்டுப் போக, அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவர். அம்மா அதற்கு முன்பே இல்லை. அடுத்த வருஷம் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். போகிறவர் நிலத்தை மகன் பேருக்கு எழுதிவிட்டு, மகளுக்கு மண்வெட்டியை விட்டுவிட்டுப் போனார். மகனுக்கு அப்போது பத்து வயது. அவனை வளர்த்து, படிக்க வைத்து, நகரத்துக்கு அனுப்பியதெல்லாம் அக்காதான். அவன் இன்றைக்குப் பெரிய ஆபீசில் மேனேஜர்.

நான் புல் கட்டும் மெஷின் வைத்திருக்கிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் மழை என்பது பேச்சுக்குத்தான். மலை உச்சியில் பனி உருகிக் கால்வாயில் வரும் தண்ணீரை நம்பித்தான் எல்லாப் பிழைப்பும். எட்டு நாளுக்கு ஒருமுறை, பதினான்கு மணி நேரம் அக்காவின் முறை. கால்வாய் மடையின் ஷட்டரைத் தூக்கிவிட்டு, கம்பில் கட்டிய தார்ப்பாயை வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டுத் தண்ணீரைத் திருப்புவார். ஒரு பாத்தி நனைந்ததும் தார்ப்பாயைப் பிடுங்கி அடுத்த இடத்தில் போடுவார். ஈரத் தார்ப்பாய் ஒரு கன்றுக்குட்டி கனம் கனக்கும். அவர் போட்டிருந்தது குதிரைமசால். மாட்டுக்கும் குதிரைக்கும் அதைவிட நல்ல தீவனம் கிடையாது.

அவரோடு வேலை செய்வது லேசு இல்லை. அறுத்துக் காயப்போட்ட புல்லில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து முறுக்குவார். தண்டு படக்கென்று ஒடிந்தால்தான் என் மெஷின் வயலுக்குள் இறங்கலாம். "இன்னும் ஈரம் இருக்கு, சாயங்காலம் வா" என்று எத்தனையோ தடவை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். டீசல் என்ன உங்க தம்பி வீட்டு சீதனமா என்று கத்திவிட்டு வருவேன். ஈரத்தோடு கட்டினால் கட்டு உள்ளுக்குள்ளேயே வெந்து பூசணம் பிடிக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கத்துவேன். அவர் கட்டில் பூசணம் பார்த்ததாக இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

தம்பி விற்கப்போகிறான் என்பதை அவரே வந்து சொன்னார். முகத்தில் பெரிய கவலை இல்லை.

"வாங்குறவங்களும் புல்லுதான் போடப்போறாங்களாம். என்னையே இருந்து பாத்துக்கச் சொல்லுவாங்களாம். தம்பி பேசிட்டான்."

"எழுத்துல வாங்கிக்கங்கக்கா."

"தம்பிகிட்ட எழுத்தா? போடா."

அக்கா கேட்டதே அவ்வளவுதான். நிலம் யார் பேரில் இருந்தாலும் சரி, தண்ணீர் ஓட வேண்டும், அவர் அந்த வீட்டில் இருக்க வேண்டும். போன தடவை வந்தபோது அவன் வயலைச் சுற்றி நடந்து படம் எடுத்துக்கொண்டு போனான். படத்துக்கு நன்றாக இருக்கட்டும் என்று அக்கா வரப்பெல்லாம் செதுக்கி வைத்திருந்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

பத்திரத்துக்கு முன்னால் தண்ணீர் ஆபீசில் விசாரணை. அக்காவும் நானும் சாட்சி. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆடும் மேஜை, அதன் பின்னால் சளி பிடித்த ஒரு ஆபீசர். அவர் மனுவை வாசித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வாங்குகிற கம்பெனிக்குப் புல் போடுகிற எண்ணமே இல்லை. தண்ணீரை நிலத்திலிருந்து பிரித்து, குழாய் போட்டு, கீழே கட்டுகிற புது டவுனுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தார். அவன் போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

ஆபீசர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சட்டத்தை விளக்கினார். கடைசிப் பத்து வருஷமும் விடாமல் தண்ணீர் பாய்ந்திருந்தால்தான் பிரித்து விற்கலாம். ஒரே ஒரு கோடை விட்டுப்போயிருந்தாலும் பிரிக்க முடியாது. தண்ணீர் நிலத்தோடுதான் இருக்கும்.

நான் அக்காவைப் பார்த்தேன். ஏனென்றால் ஒரு கோடை விட்டுப்போயிருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் தம்பியின் கார் ஒரு வளைவில் உருண்டது. இடுப்பெலும்பு முறிந்தது. அவன் மனைவி நிறைமாத கர்ப்பிணி, தாய் வீட்டில் இருந்தாள். கால்வாயில் முதல் தண்ணீர் திறந்த வாரம், அக்கா ஒரே ஒரு பையோடு பஸ் ஏறினார். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் பேப்பரை விரித்துப் படுத்து, அவனுக்கு ஊட்டி, பீ மூத்திரம் அள்ளி, கைத்தாங்கலாக நடக்கப் பழக்கிவிட்டுத் திரும்பியபோது மலையில் புதுப் பனி விழுந்திருந்தது. பன்னிரண்டு ஏக்கரும் காய்ந்து கிடந்தது. அவருடைய முறைத் தண்ணீரைக் கீழ் வயல்காரர்கள் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார்கள். எங்களில் ஒருவரும் போய் அந்த ஷட்டரைத் தூக்கவில்லை. நானும்தான். அக்கா யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறு வருஷம் திரும்பவும் விதைத்தார்.

அதை மட்டும் சொன்னால் போதும். விற்பனை அங்கேயே நின்றுவிடும்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி எழுந்தான். "சார், எங்க அக்கா ஒரு கோடைகூட இந்த நிலத்தை விட்டு நகர்ந்தது கிடையாது. வேணும்னா ஊர்ல யாரை வேணாலும் கேளுங்க." பொய் சொல்கிற முகமாக அது இல்லை. பெருமையாகத்தான் சொன்னான். அவன் மறந்தே போயிருந்தான்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் ஆபீசர். "எல்லா வருஷமும் தண்ணி பாஞ்சுச்சா?"

அக்கா ஆபீசரைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார். ஆபீசர் இரண்டு தடவை தும்மினார். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் "சொல்லுக்கா" என்று தலையாட்டினான்.

"பாஞ்சுச்சு" என்றார் அக்கா. "ஒரு வருஷமும் விடல."

அடுத்தது நான். வேலிக்கு ஓணான் சாட்சி. அவரே சொன்ன பிறகு நான் யார் மறுக்க என்று அப்போது தோன்றியது. ஆமாம் சார் என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். இப்போது அந்தக் கையைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வருகிறது.

ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்தது. ஷட்டருக்குச் சங்கிலி போட்டு சீல் வைத்தார்கள். மூன்றாம் அறுப்புக்கு நின்ற குதிரைமசால் நின்ற இடத்திலேயே வெளுத்தது. கம்பெனி வீட்டையும் பூட்டிக்கொண்டது. அக்கா இப்போது என் மெஷின் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற அறையில் இருக்கிறார். வாடகை வேண்டாம் என்றால் சண்டைக்கு வருகிறார்.

சாவியை ஒப்படைக்கத் தம்பி வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். கடைசியாக ஒரு தடவை பார்க்கிறேன் என்று வயலுக்குள் இறங்கினான். தண்ணீர் இல்லாத வாய்க்காலைத் தாண்டும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. விழப்போனவனை அக்கா ஓடிப்போய் அக்குளுக்கடியில் கை கொடுத்துத் தாங்கினார். "இடது காலை முதல்ல வை. மூச்சை விடு. ம், இப்ப வலது."

அவன் இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றான்.

"இப்படித்தானே அப்ப என்னை நடக்க வச்சே. ஆஸ்பத்திரில."

"ஆமா."

"கோடை முழுக்க அங்கதானே இருந்தே?" என்றவன் முகம் மெல்ல மாறியது. "அப்ப இங்க தண்ணி யாரு பாய்ச்சினது?"

"யாரும் பாய்ச்சல. காஞ்சுதான் கிடந்துச்சு."

அவன் வெளுத்த வயலைப் பார்த்தான். "ஏன்க்கா அன்னைக்கு ஆபீஸ்ல சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

அழுவான் என்று நினைத்தேன். காலில் விழுவான் என்றுகூட நினைத்தேன். அவன் திரும்பி நான் எவ்வளவு தூரத்தில் நிற்கிறேன் என்று பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். ஆனாலும் எனக்குக் கேட்டது.

"சரி, போகட்டும். இதை இனிமே யார்கிட்டயும் சொல்லிடாதக்கா. பத்திரம் முடிஞ்சுபோச்சு, அப்புறம் கேஸாயிடும்."

அக்கா அவனைத் தாங்கியிருந்த கையை எடுத்துக்கொண்டார்.