ஐந்தே முக்கால் மின்வெட்டைத் தேடி

திங்கட்கிழமை, காலை 6.10. தருமபுரி பேருந்து நிலையத்தில் அரூர் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. டீ பன்னிரண்டு ரூபாய், டிக்கெட் நாற்பது ரூபாய், தூரமும் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். மாசி மாதக் குளிருக்குக் காதைச் சுற்றித் துண்டு கட்டியிருந்த கண்டக்டர், என் தோளில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்துவிட்டு, "பறவ பாக்கப் போறீங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்லைங்க, கம்பி பார்க்கப் போறேன்" என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

நான் உயர் அழுத்த மின்பாதைகளைப் பார்வையிடுகிறவன். ஊரில் 'டவர் லைன்' என்பார்களே, காடு மேடெல்லாம் கம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் இரும்புக் கோபுரங்கள், அவற்றை ஒவ்வொன்றாக நடந்துபோய்ப் பார்த்து, எங்கே துரு, எங்கே விரிசல், எங்கே மரம் வளர்ந்து கம்பியை நெருங்குகிறது என்று எழுதிக்கொடுப்பது வேலை. மற்றவர்கள் ஒரு மாவட்டத்தைச் சாலை வழியாகச் சுற்றிப்பார்ப்பார்கள். நான் எட்டு மாதமாகத் தருமபுரி மாவட்டத்தைக் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கம்பி கிணற்றுக்கும் விலகாது, முள்காட்டுக்கும் விலகாது. கீழே நடக்கிறவன்தான் விலகிப் போக வேண்டும். என் கால்சட்டைகளில் கிழியாதது ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இந்த வேலையை யாராவது மாற்றித் தருகிறேன் என்றால் சண்டைக்கு வருவேன்.

இந்த முறை போனதற்குக் காரணம் இருந்தது. பத்து நாட்களில் ஆறு முறை, விடியற்காலை ஐந்தே முக்காலை ஒட்டி, அரூர் பக்கத்து லைன் ஒன்று தானாக நின்றுவிட்டது. சில நிமிடங்களில் திரும்ப வந்துவிடும். ஆனால் அதற்குள் கிணற்று மோட்டார் நின்று, இட்லிக்கடை கிரைண்டர் நின்று, சுற்றுவட்டாரம் முழுக்க எங்கள் இலாகாவை வாழ்த்தி முடித்திருக்கும். துணை மின்நிலையத்தில் உள்ள கருவி, கோளாறு பத்து முதல் பதினைந்து கிலோமீட்டருக்குள் எங்கோ இருக்கிறது என்று மட்டும் சொன்னது. எங்கள் அதிகாரி வரைபடத்தைப் பார்த்தார். அந்த இடைவெளியில், நாற்பத்தாறாம் டவருக்கும் நாற்பத்தேழாம் டவருக்கும் நடுவே ஒரு புளியமரம் இருந்தது. "மரம்தான். செவ்வாய்க்கிழமை லைனை நிறுத்தி வெட்டிடலாம். நீங்க போய்ப் பார்த்து எழுதிக்கொடுத்துடுங்க" என்றார். நான் எழுதிக்கொடுத்தால் மரம் போய்விடும்.

காலை 8.00, அரூர். என்னோடு நடக்கிற லைன்மேன் அன்வர், பைக்கோடு காத்திருந்தான். நான் இந்த லைனில் இதற்கு முன் நடந்ததில்லை. அவனும் பாலக்கோட்டிலிருந்து இந்தப் பிரிவுக்கு மாற்றலாகி ஒரு மாதம்தான் ஆகிறது. ஆளுக்கு மூன்று இட்லி, ஒரு வடை, மொத்தம் எண்பது ரூபாய். தீர்த்தமலைச் சாலையில் கிளம்பினோம். கோயிலிலிருந்து திரும்பும் மொட்டைத் தலைகளோடு ஒரு வேன் எதிரே வந்து போனது. பதின்மூன்று கிலோமீட்டரில் இடதுபுறம் மண்பாதை, அதன் முடிவில் குற்றம் சாட்டப்பட்ட மரம்.

நான் நினைத்ததைவிடப் பெரிய மரம். அதன் கீழே சாக்கு விரித்து எட்டுப் பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து, ஆளுக்கொரு குவியல். நிலத்துக்காரர் பிலோமினா, நாற்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் சிறு சிலுவை. புளி தட்டும் கல்லிலிருந்து கையை எடுக்காமலே பேசினார்.

"வெட்டத்தானுங்க வந்திருக்கீங்க?"

"பார்க்க வந்திருக்கோம் அக்கா."

"பாருங்க, நல்லாப் பாருங்க. சுத்துப்பட்டுல அத்தன மரத்துப் புளியும் இங்கதான் வருது. மூணு மாசம் நாங்க எட்டுப் பேரும் இந்த நெழல்லதான் பொழைக்கறோம். கம்பிக்குக் கீழ கொட்டகை போடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? போடல. இப்ப மரமும் கூடாதுன்னா, தலையில சாக்கப் போட்டுக்கிட்டு வெயில்லயா உக்கார்றது?"

கம்பிக்குக் கீழே கூரை கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த கூரை இந்த மரம். லேசர் கருவியை எடுத்து மர உச்சிக்கும் கம்பிக்கும் இடையே அளந்தேன். ஆறு மீட்டர் இருந்தது. விதிப்படி நான்கு போதும். ஆனால் காலை அளவை நம்பக்கூடாது. வெயில் ஏற ஏறக் கம்பி சூடாகி நீண்டு தொய்யும். மதியம் மூன்று மணிக்குத்தான் அது மிகத் தாழ்வாக வரும். அப்போதும் நான்கு மீட்டர் இருந்தால்தான் மரம் தப்பிக்கும்.

அளந்துகொண்டிருந்தபோதே ஒரு கேள்வி உறுத்தியது. மரம்தான் காரணம் என்றால் மதியம் அல்லவா லைன் நிற்க வேண்டும்? விடியற்காலைக் குளிரில் கம்பி இழுத்துக்கட்டியதுபோல் மேலே இருக்குமே! நான் வேதாரண்யம் பக்கத்துக்காரன். அங்கே விடியலில் லைன் நின்றால் காரணம் உப்பு. கடற்காற்றின் உப்பு, டவரிலிருந்து கம்பியைத் தாங்கித் தொங்கும் பீங்கான் வட்டுகளில் படிந்து, பனியில் நனைந்து, மின்சாரத்துக்கு வழிவிட்டுவிடும். அன்வரிடம் சொன்னேன்.

"இங்க ஏதுங்க சார் கடலு? ஒகேனக்கல்லுல இருந்து சாரல் அடிக்குதுன்னு எழுதிடலாமா?" என்றான்.

மூன்று மணிக்கு வந்து மறுபடி அளக்கிறேன், வெட்டுவதென்றாலும் நாளைக்குத்தான் என்று பிலோமினாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். அவர் என் செல்பேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.

காலை 9.40. முப்பத்தொன்றாம் டவரடியில் பைக்கை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினோம். அங்கிருந்து மரம்வரை பதினைந்து டவர், நாலரை கிலோமீட்டர். ஒவ்வொரு டவரிலும் நின்று பைனாகுலரில் வட்டுகளைப் பார்ப்பது என் வேலை, எண்ணைச் சொல்லிக் குறிப்பது அன்வர் வேலை. மரவள்ளிக் காடு, பிறகு பாறை, பிறகு ஏற்றம். முப்பத்தாறு தாண்டியதும் எங்கள் லைனோடு இன்னொரு லைன் வந்து சேர்ந்துகொண்டது. இரண்டும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி. எண் தகடுகளை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

அந்த நேரத்தில் நாங்கள் பிரியாணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வருகிற வெள்ளிக்கிழமை அன்வரின் தங்கைக்கு நிக்காஹ். பிரியாணிக்குச் சீரகசம்பாவா, பாசுமதியா என்று அவன் வீட்டில் பெரிய கலவரம். நான் சீரகசம்பா கட்சி. அன்வர் மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்து பாசுமதி கட்சி. ஏறிக்கொண்டே வாதாடினோம். டவர்கள் வந்தன, எண்ணினோம், எழுதினோம்.

மதியம் 12.30. நாற்பத்து நான்காம் டவர் என்று நாங்கள் எழுதிய டவரில் தகடு இருந்தது. அதில் நூற்று முப்பத்தொன்று என்று போட்டிருந்தது.

அன்வர் தகட்டைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சார், நாம வேற யாரு வூட்டுக் கல்யாணத்துக்கோ வந்துட்டோம்."

இரண்டு லைன்களும் பிரிந்த இடத்தில் நாங்கள் பாசுமதியோடு வலதுபக்கம் திரும்பியிருக்கிறோம். ஏழு டவர், இரண்டு கிலோமீட்டருக்கு மேல், அடுத்தவர் லைனை மிகக் கவனமாகப் பரிசோதித்திருக்கிறோம். தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முதலில் அடித்துக்கொண்டோம், பிறகு சிரித்தோம்.

அந்தச் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தம்பதியர் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். பள்ளத்துக்கு அந்தப்பக்கம் எங்கள் லைன், பத்திரமாக, எங்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. சும்மா பைனாகுலரைத் தூக்கினேன். கீழிருந்து பார்த்தால் டவரிலிருந்து பக்கவாட்டில் நீளும் இரும்புக் கைகளுக்கு அடிப்பக்கம் மட்டும்தான் தெரியும். இந்த மேட்டிலிருந்து கைகளின் மேற்பக்கமே தெரிந்தது. ஒரு டவரின் மேல்கை மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக இருந்தது. அதிலிருந்து வட்டுகள்மேல் வெள்ளைக் கோடுகள் வழிந்திருந்தன. ஒரு வட்டின் ஓரத்தில் கரி படிந்திருந்தது.

"அங்க என்னங்க வெள்ளையா?" என்று ஆட்டுக்காரரிடம் கேட்டேன்.

"மயிலுங்க. ராத்திரியெல்லாம் அதுமேலதான் படுத்துக்கெடக்கும். பொழுது விடியறப்ப வயித்தக் காலி பண்ணிட்டு எறங்கும். அப்ப ஒரு நாளு பட்டுனு வெடி வெடிச்சாப்ல நெருப்புப் பறந்துச்சு."

நான் அன்வரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மயில் எச்சம் கம்பிபோல் நீளமாக வட்டுகளை ஒட்டி இறங்கும்போது மின்சாரம் அதைப் பிடித்துக்கொண்டு டவரில் பாய்ந்துவிடும். எண்ணிப் பார்த்தோம். முப்பத்தொன்பதாம் டவர். ஒழுங்காக எங்கள் லைனில் நடந்திருந்தால் அதன் அடியிலேயே நின்று, பாறை இடுக்கில் விழுந்த எச்சத்தைக் கவனிக்காமல், 'நன்று' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

சந்தோஷம் ஐந்து நிமிடம்தான் இருந்தது. அந்த மேட்டில் செல்பேசிக்கு ஒரு கோடு சிக்னல் கிடைத்ததும் பிலோமினாவின் தவறிய அழைப்புகள் ஒன்பது வந்து விழுந்தன. கூப்பிட்டேன். பின்னால் ரம்பத்தின் இரைச்சல் கேட்டது.

"நாளைக்குன்னு சொன்னீங்க, இன்னிக்கே வந்துட்டாங்க சாரு! நாளைக்கு ஒரே நாள்ல முடியாதாம். கீழ்க்கெளய இன்னிக்கு எடுத்துட்டு, மேல லைன நிறுத்துனப்புறம் எடுக்கறாங்களாம்!"

மின்சாரம் ஓடும் கம்பிக்குக் கீழே, யாருக்கும் சொல்லாமல் ரம்பம்! எனக்கு வந்த கோபத்தில் ஓடியே போய்விடலாம் என்று புறப்பட்டேன். ஆட்டுக்காரர் தடுத்தார். "அந்தப் பள்ளத்துல எறங்கி ஏறுனா மூணு மணி நேரமுங்க. இந்தப் பக்கமா எறங்குனா ரோட்டோரம் என் மொபெட்டு நிக்குது. ஆட்ட வூட்டுக்காரி பாத்துக்குவா, வாங்க."

மொபெட்டில் மூன்று பேர். மேட்டில் அன்வர் இறங்கித் தள்ளினான், பள்ளத்தில் நாங்கள் மூவரும் கண்ணை மூடிக்கொண்டோம்.

மதியம் 2.50. மரத்தடியில் நான் கண்ட காட்சியை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஒரு கிளை மட்டும் கீழே கிடந்தது. ரம்பக்காரர்கள் மூன்று பேரும் ஓரமாகக் குந்தியிருந்தார்கள். எட்டுப் பெண்களும் அதே இடத்தில், அதே சாக்குகளில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரிங்கன்னா, இந்தக் குமி முடியட்டும்னு சொல்றாங்க" என்று ரம்பக்காரர் என்னிடம் முறையிட்டார். "முடிஞ்சா இன்னொரு குமி கொட்றாங்க. காலைல இருந்து இதே கததான் சார். தலைக்கு மேல நான் எப்பிடி அறுக்கறது?"

"வேல கெடக்குதுல்லங்க" என்றார் பிலோமினா, நிமிராமல்.

மூன்று மணிக்கு அளந்தேன். சந்தேகத்துக்கு இடமில்லாமல் மூன்று முறை அளந்தேன். நான்கு மீட்டர் எழுபது சென்டிமீட்டர். மரம் தப்பித்தது. சொன்னதும் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒன்றும் புரியவில்லை.

செல்பேசியில் கூப்பிட்டபோது அதிகாரி அவ்வளவு சுலபமாக விடவில்லை. "மயில்னு நான் மேலே எப்படிச் சொல்றது?" என்றார். மேட்டிலிருந்து பைனாகுலர் வழியாக எடுத்திருந்த படங்களை அனுப்பினேன், கம்பி தொய்வதைச் சொன்னேன். கடைசியில், நாளைக்கு மரத்துக்காக லைனை நிறுத்த வாங்கிய நேரத்தில் முப்பத்தொன்பதாம் டவரைச் சரிசெய்யுங்கள் என்றார். "ஆனா புதன்கிழமை காலையில மறுபடி லைன் நின்னா, மரம் போயிடும். சரியா?" ஒலிபெருக்கியில் பேசியதால் அது எல்லோருக்கும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை, காலை 9 முதல் 1 வரை. அரூரிலிருந்து வந்த ஆட்கள் டவரில் ஏறிக் கரி படிந்த வட்டை மாற்றினார்கள். மேல்கைகளில் மயில் உட்கார முடியாதபடி ரம்பப்பல் தகடுகளைப் பொருத்தினார்கள். ரம்பக்காரரும் வந்து வேடிக்கை பார்த்தார். "என் ரம்பத்துக்குப் பதிலா இதுவா?" என்று சிரித்தார்.

புதன்கிழமை, காலை 5.30. அன்வரும் நானும் மரத்தடிக்குப் போனபோது எட்டுப் பெண்களும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். இருபதடி தள்ளிப் பிலோமினா வீட்டு வாசலில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவர் முணுமுணுவென்று ஜெபம் சொன்னார். அன்வரின் உதடுகளும் அசைந்தன. ஐந்து நாற்பது. ஐந்தே முக்கால். பல்பு எரிந்தது. ஐந்து ஐம்பதில் ஒரு பெண் தும்மினார், எல்லோரும் அவரை முறைத்தோம். ஆறு மணிக்குக் கிழக்கு வெளுத்தது, பல்பு அப்போதும் எரிந்தது.

எங்கள் ஊரில் உப்பைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். லைன் நின்றதா ஓடியதா என்று அங்கே யாரும் வந்து பார்த்ததில்லை. இங்கே ஒன்பது பேர் நின்று பார்த்தோம், என்னையும் சேர்த்தால் பத்து. என் கண் கலங்கியது, அதை மறைக்க நோட்டைத் திறந்து 'கோளாறின் காரணம்' என்ற கட்டத்தில் எழுதக் குனிந்தேன்.

அப்போது தலைக்கு மேலே, புளியமரத்தின் உச்சியிலிருந்து ஓர் அகவல் கேட்டது. கிளைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. தகடு குத்தியதால் இடம் மாறி, இரவெல்லாம் இந்த மரத்தில் தூங்கிய மயில்கள் ஒவ்வொன்றாக இறங்கிப் பறந்தன. கடைசி மயில் போகிற போக்கில் வயிற்றைக் காலி செய்தது. நான் எழுதவிருந்த கட்டத்தின்மேல், வெள்ளையாக, நீளமாக.

பிலோமினா நோட்டை எட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "சாரு, உங்களக் கும்புட்டுக் கேக்கறேன், இதுக்காவ மரத்த வெட்டோணும்னு எழுதிறாதீங்க!" என்றார்.