நலம் விசாரிக்கப் போன சுபேதார்

எங்க வேலையில ஒரு சௌகரியம்: உதவி வேணும்னு எவனும் தேடி வரமாட்டான்; கஷ்டமும் அதேதான். மிலிட்டரில இருந்து ரிட்டயர் ஆனவங்க மனசு எப்படி இருக்கு, அவங்க ஊடு எப்படி இருக்குன்னு விசாரிச்சு, தேவைப்பட்டா டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போறது. மாஜி மிலிட்டரிக்காரங்க சங்கத்துக்காக நான் சம்பளம் இல்லாம பாக்கற வேலை இதான். உங்க ஊட்லயும் ஒரு மாஜி மிலிட்டரி இருந்தா, நான் படற பேஜாரு சொல்லாமலே உங்களுக்குப் புரியும்.

பதினோரு கேள்வி

நானும் மிலிட்டரிதான், சுபேதாரா இருந்து வந்தவன். ஜவானுங்க எங்களை 'சாப்'னுதான் கூப்புடுவாங்க. ஊருக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகல. கவரைப்பேட்டைல இருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் எந்தக் கம்பெனி கேட்டைப் பாத்தாலும் நம்மாளு ஒருத்தன் செக்யூரிட்டியா நின்னுக்கினு இருப்பான். மனநல டாக்டரம்மா ஒருத்தங்க பதினோரு கேள்வி எழுதிக் குடுத்திருந்தாங்க. தூக்கம் வருதா, கோவம் வருதா, வாழவே புடிக்கலன்னு தோணுதா, இப்படி. பக்கத்துல உக்காந்து, மெதுவா பேச்சுக் குடுத்துக் கேளுங்கன்னாங்க.

நான் எங்க உக்காந்தேன்! இரும்புக் கம்பெனி கேட்ல தேவராஜ் இருந்தான். பதினேழு வருஷம் சர்வீஸ், அதுல ரொம்ப நாள் பார்டர்ல. என்னைப் பாத்ததும் காலைத் தட்டி ஒரு சல்யூட். நானும் மாரை நிமித்திக்கினு பரேடு குரல்ல வரிசையா கேட்டேன். பதினோரு கேள்விக்கும் "நோ ப்ராப்ளம் சாப்!" சந்தோஷமா டிக் அடிச்சுக்கினேன். பக்கத்துல லாரி நம்பர் எழுதிக்கினு இருந்த இன்னொரு செக்யூரிட்டி, மிலிட்டரிக்கும் அவனுக்கும் சம்பந்தமே கிடையாது, சிரிச்சுக்கினே சொன்னான்: "இன்னா சார் நீங்க, இப்படிக் கேட்டா அவுரு செத்தே போயிருந்தாலும் ப்ராப்ளம் இல்லன்னுதான் சொல்லுவாரு."

வராண்டா

மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை பொன்னேரில சங்கக் கூட்டம். ஆம்பளைங்க உள்ள, பொம்பளைங்க வராண்டாவுல. நான் போட்ட ரூல்தான். பொண்டாட்டி எதிர்ல எவன் மனசு விட்டுப் பேசுவான்னு என் நெனப்பு. உள்ள நாங்க பேசினதெல்லாம் பழைய போஸ்டிங் கதையும் கேன்டீன் சரக்கும்தான். மனசைப் பத்தி ஒருத்தனும் பேசல.

ஒரு தடவ கூட்டம் முடிஞ்சு வெளிய வந்தப்போ, தேவராஜ் சம்சாரம் ஸ்டெல்லா என்னை நிறுத்திச்சு. சர்ச்சுல இருந்து நேரா வந்திருந்துச்சு. தினம் காலைல அவரு ரெண்டு பொண்ணுங்களையும் வரிசையா நிக்கவெச்சு நகம், ஷூ, ஸ்கூல் பை எல்லாத்தையும் செக் பண்றாராம். ஒண்ணு சரியில்லன்னாலும் குடியே முழுகிப்போன மாதிரி கத்தறாராம். பொண்ணுங்க நாஷ்டா கூட ஒழுங்கா துன்னாம பயந்து ஓடுதுங்களாம். ராத்திரி அவருக்குப் பொட்டுத் தூக்கம் கிடையாதாம். "நீங்க சொன்னா டாக்டர்கிட்ட வருவாரு சார்"னு கெஞ்சிச்சு. நான் பெரிய மனுஷனாட்டம், "மிலிட்டரிக்காரன்னா டிசிப்ளின் இருக்கத்தாம்மா செய்யும், நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போவணும்"னேன். ஸ்டெல்லா என்னையே பாத்துச்சு. "மிலிட்டரில இருந்த வரைக்கும் அனுசரிச்சுத்தான் சார் இருந்தேன், அப்போ அவுரு ஊட்ல இல்ல."

பி.பி. முகாம்

கவரைப்பேட்டைல 'மனநல முகாம்'னு பேனர் கட்டினோம். டாக்டரம்மா, நான், ஷாமியானா போட்டவரு, ஆக மொத்தம் மூணு பேரு. அடுத்த மாசம் 'பி.பி., சுகர் முகாம்'னு மாத்தினேன். டோக்கன் பத்தல, அவ்ளோ கூட்டம். பி.பி. பாக்கற சாக்குல டாக்டரம்மா பேச்சுக் குடுப்பாங்க, அதான் ஐடியா. என் மூளையை நானே மெச்சிக்கினேன்.

தேவராஜும் வந்தான். ஸ்டெல்லா எப்படியோ அனுப்பி வெச்சிருந்துச்சு. சட்டைக் கையை மடிச்சுக்கினு உக்காந்தவன், பி.பி. பாத்து முடிச்சப்புறமும் எழுந்திரிக்கல. தலையைக் குனிஞ்சுக்கினு என்னமோ சொல்ல ஆரம்பிச்சான். அவனுக்குத் தைரியம் குடுக்கணும்னு எனக்கு ஒரு துடிப்பு. சும்மா இருந்திருக்கலாம், பாவி! நேரா போய் அவன் தோள்ல கை வெச்சு, "நம்ம மிலிட்டரி ஆளு டாக்டர், இரும்பு மாதிரி!"ன்னேன். விருட்டுனு எழுந்து அட்டென்ஷன்ல நின்னான். சட்டைக் கையை எறக்கி பட்டனைப் போட்டுக்கினு போயே போயிட்டான். டாக்டரம்மா பேனாவை மூடி வெச்சாங்க. "சுபேதார் சார், அவரு இப்பத்தான் வாயைத் தொறந்தாரு."

அக்கா ஊடு

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் காலைல, பை செக் பண்றப்போ தேவராஜ் சின்னப் பொண்ணு கையைப் புடிச்சு வெடுக்குனு இழுத்திருக்கான். மணிக்கட்டு எலும்பு முறிஞ்சுபோச்சு. அவனேதான் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அங்க சுவத்துல முட்டிக்கினு அழுதானாம். அன்னிக்கே ஸ்டெல்லா ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிக்கினு பொன்னேரில அக்கா ஊட்டுக்குப் போயிடுச்சு.

அவன் வைத்தியத்துக்கு ஒத்துக்கினதும் நான் சமாதானம் பேசப் போனேன். கட்டுப் போட்ட கையோட சின்னது கதவுக்குப் பின்னால நின்னுக்கினு இருந்துச்சு, கிட்ட வரல. ஸ்டெல்லா கத்தல. தண்ணி குடுத்து, நான் குடிச்சு முடிக்கற வரைக்கும் பொறுமையா இருந்துச்சு. "அவுரு மேல எனக்குக் கோவம் இல்ல சார், அவுரு நோயாளி; உங்களுக்கு இன்னா நோயி, நா அன்னிக்கி அவ்ளோ தூரம் சொன்னேனே?"

மெட்ராசு ட்ரெயின்

இப்போ பதினஞ்சு நாளைக்கு ஒருவாட்டி நானே தேவராஜை மெட்ராசு ஆஸ்பத்திரிக்கு ட்ரெயின்ல கூட்டிக்கினு போறேன். மாத்திரை சாப்புடறான், ஓரளவுக்குத் தூங்கறான். ஞாயித்துக்கெழமை சர்ச் முடிஞ்சதும் ஒரு மணி நேரம் பொண்ணுங்களைப் பாக்க ஸ்டெல்லா விடுது. திரும்பி வர்ற பேச்சை மட்டும் எடுக்கறதில்ல. சங்கக் கூட்டத்துல இப்போ பொம்பளைங்களும் உள்ளதான் உக்கார்றாங்க. உருப்படியா பேசறதும் அவங்கதான். இதையெல்லாம் அப்பவே செஞ்சிருந்தா அந்தக் குடும்பம் ஒண்ணா இருந்திருக்கும்னு நெனச்சா மனசு கெடந்து அடிச்சுக்குது.

போன தடவ ட்ரெயின்ல கேட்டுட்டேன், அன்னிக்கி முகாம்ல ஏன்டா பாதில எழுந்து போனேன்னு. ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கினு இருந்தவன் திரும்பினான். மூஞ்சில கோவமே இல்ல, அதுதான் எனக்குத் தாங்கல. "பொண்ணுங்களை இன்னா பண்ணிடுவேனோன்னு பயமா இருக்குன்னு சொல்லத்தான் சாப் வந்தேன், நீங்க தோள்ல கை வெச்சதும் ட்யூட்டில இருக்கேன்னு நெனச்சுட்டேன்."

இருவத்திநாலு வருஷம் மத்தவனுக்கு ஆர்டர் போடவே கத்துக்கின நான், வாயை மூடிக்கினு ஒருத்தன் சொல்றதைக் கேக்கக் கத்துக்கறதுக்கு ஒரு குடும்பத்தையே செலவு பண்ணியிருக்கேன்.