கழுகுமலைப் பந்தியில் என் மகள் சாப்பிட்ட சோறு

என்னோடு முருகனைக் கும்பிடுகிறவர்களிடம் இதைச் சொல்ல ரொம்ப நாளாகத் தயங்கினேன். சொன்னால் என் குற்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். பெற்ற பிள்ளையை நான் பட்டினி போட்டேன். வீட்டில் அரிசி இருந்தது. பக்தியில் போட்டேன்.

கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடுகிறேன். எப்போதும்வென்றான் பக்கத்திலிருந்து தினமும் பஸ். காலையில் மேசை முன்னால் நின்றால் சாயங்காலம்தான் நகரலாம். கால் வீங்கிப்போகும். வீட்டுக்காரருக்கு இரண்டு ஏக்கர் கரிசல், வானம் பார்த்த பூமி. ஒரே மகள் கார்த்திகா. கல்லூரியில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்தாள். சேர்ந்த நாளிலிருந்து விமானம்தான் ஓட்டுவேன் என்று நின்றாள். எங்கள் வீட்டில் சைக்கிளைத் தவிர யாரும் எதையும் ஓட்டியதில்லை.

அந்தப் படிப்பு எங்களுக்கு எட்டுகிற காரியமில்லை. ஆனால் அவளைப் போன்ற கேடட்டுகளுக்கு முழுச் செலவையும் ஏற்று ஓர் அறக்கட்டளை உதவித்தொகை கொடுக்கிறது என்று கல்லூரியில் சொன்னார்கள். எழுத்துத் தேர்வு, நேர்காணல், கடைசியில் உடல் பரிசோதனை.

ஆடிக் கிருத்திகையில் விரதம் ஆரம்பித்தேன். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை எல்லாம் பாலும் பழமும்தான். வீட்டில் கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தினேன். அவளையும் இருக்கச் சொன்னேன்.

"கேக்கது நீ. நீயும் இருந்தாத்தான் முருகன் காது கொடுப்பான்" என்றேன்.

பாவம், மறுபேச்சுப் பேசவில்லை. காலை ஓட்டம், அணிவகுப்பு எல்லாம் வெறும் வயிற்றோடு. ஐப்பசியில் சூரசம்ஹாரம் வரைக்கும் ஆறு நாளும் சோறே இல்லை. தேர்விலும் நேர்காணலிலும் தேறிவிட்டாள். முருகன் கேட்டுவிட்டான் என்று கம்பெனி முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

கார்த்திகை மாதம் மதுரையில் பரிசோதனை. ரத்தம் குறைவு, எடையும் குறைவு, இப்போதைக்குத் தகுதியில்லை என்று டாக்டர் எழுதினார். மாத்திரை கொடுத்து ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். அறக்கட்டளையின் கடிதத்திலோ மூன்று வாரம்தான் தவணை. அதற்குள் உடல்தகுதிச் சான்றிதழ் போகாவிட்டால் இடம் அடுத்த கேடட்டுக்கு. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று டாக்டர் அவளைக் கேட்டார். எனக்குப் பசிக்காது சார் என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கழுகுமலைக்குப் போனேன். சந்நிதியில் கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன். உனக்காகத்தானே கிடந்தோம், இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனேன். அதற்கு மேல் கோபப்படவும் தெம்பில்லை.

வெளியே மதியச் சோற்றுக்குப் பந்தி போட்டிருந்தார்கள். பரிமாறுகிற அண்ணாச்சி எங்களையும் உட்காரச் சொன்னார். நாங்கள் விரதம் என்றேன்.

"அவன் வீட்டுக்கு வந்துட்டு வெறும் வயித்தோடயா போவிய? உக்காருங்கம்மா" என்றார்.

உட்கார்ந்தோம். இலையில் சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. கார்த்திகா கை வைக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட என் பிள்ளை என்னிடம் உத்தரவு கேட்கிறாள். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"சாப்புடு, ஏட்டி" என்றேன்.

மூன்று தடவை சோறு வாங்கினாள். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். அந்த இலைக்கு முன்னால்தான் உண்மையாகவே வேண்டினேன். முருகா, நாள் மட்டும் கொடு, சோறு நான் போடுகிறேன் என்றேன்.

அன்றைக்கு விட்டதுதான் விரதம். மாத்திரையோடு முருங்கைக்கீரை, கம்பங்கூழ், கம்பெனியில் உடைந்துபோகிற கடலைமிட்டாய் எல்லாம் கொடுத்தேன். ரத்தம் ஊற எங்கள் பக்கம் ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், கொடுப்பார்கள். அது கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. யாரும் முகம் சுளிக்க வேண்டாம், செவ்வாய்க்கிழமையே வதக்கினேன்.

மார்கழி பிறந்ததும் மழை பிடித்தது. நாலு நாள் விடவில்லை. அறுக்க நின்ற உளுந்து செடியிலேயே முளைத்துவிட்டது. வீட்டுக்காரர் கரிசல் சேறு அப்பிய காலோடு வந்து உட்கார்ந்தார். அந்த வாரமே அறக்கட்டளையிலிருந்து போன் வந்தது. பயிற்சி நடக்கும் இடத்தில் ஓடுபாதையெல்லாம் தண்ணீர், வகுப்பு தள்ளிப்போகிறது, சான்றிதழ் கொடுக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றார்கள். நான் கேட்ட நாள் வந்துவிட்டது. சந்தோஷப்படக்கூட பயமாக இருந்தது. வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன்.

காலிலிருந்த சேற்றை வழித்துக்கொண்டே, "விடு. இது அவளுக்குப் பெஞ்ச மழை" என்றார்.

தை மாதம் மறுபடி மதுரை. ரத்தம் சரியாகிவிட்டது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். பங்குனியில் பயிற்சி ஆசிரியர் பக்கத்தில் உட்கார, என் மகள் முதல் தடவையாகப் பறந்தாள். இறங்கியதும் எனக்குத்தான் போன். என்ன கேட்பது என்று தெரியாமல், சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறினேன் என்று சிரித்தாள்.

என் அலுப்பு தீர்ந்துவிடவில்லை. உளுந்து போனது போனதுதான். கால் இன்னும் வீங்குகிறது. ஆனால் முருகனிடம் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன். அவனிடம் கேளுங்கள், நம்பிக் கேளுங்கள். பிள்ளையின் வயிற்றை மட்டும் காயப்போட்டுக் கேட்காதீர்கள். கிருத்திகை தோறும் கழுகுமலைப் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிறேன். மனசு விட்டுப்போனவர்கள் வாருங்கள். விரதம் என்று யாராவது சொன்னால் நான் வாளியை எடுத்துக்கொண்டு நகர்வதில்லை. முதலில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறேன்.